திரும்பி வரும் ரத்தம்



நம் சூளூர்பேட்டைப் பக்கம் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஊசி போட்டார்கள். அப்புறம்தான் மோசமாகிவிட்டது." இதைக் கேட்டுக் கேட்டு, ஊசிக்குக் கையெழுத்துப் போடவே பயப்படுகிறார்கள். வீட்டில் கூடிப் பேசி முடிவு சொல்வதற்குள் அரை மணி, ஒரு மணி போய்விடுகிறது.

அந்தப் பேச்சில் துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் அதை வெறும் வதந்தி என்று தள்ளாமல் இன்று விளக்கமாகப் பேசலாம் என்று வந்தேன்.

இதயம் ஒரு தசை. அதுவும் உழைக்கிறது. அதற்கும் ரத்தம் வேண்டும். அந்த ரத்தத்தைக் கொண்டுவரும் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. அடைத்த அரை மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்குகிறது. மணி ஆக ஆகச் சாவு பரவுகிறது. செத்த இதயத் தசை மறுபடி முளைக்காது. தழும்புதான் மிஞ்சும்.

அடைப்பை இரண்டு வழியில் திறக்கிறார்கள். ஒன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி. மற்றொன்று, கை அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைப்பது. இரண்டும் செய்வது ஒரே வேலைதான். ரத்தம் திரும்ப வர வழிவிடுவது.

திரும்பி வரும் ரத்தம் நல்லதுதானே செய்யும்? பெரும்பாலும் ஆமாம். ஆனால் கொஞ்சம் கெடுதலும் செய்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் ஜென்னிங்ஸ் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1960-ல் இதைப் பார்த்தார்கள். நாயின் இதயக் குழாயை அரை மணி, ஒரு மணி கட்டி வைத்துவிட்டு அவிழ்த்தார்கள். ஒரு நாள் முழுக்கக் கட்டி வைத்தால் தசையில் தெரியும் சிதைவு, அவிழ்த்த சிறிது நேரத்திலேயே தெரிந்தது.

நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கரண்ட் போனதும் வீட்டில் டிவி, ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைக்கிறோம். ஏன்? கரண்ட் திரும்பும்போது ஒரு வேகத்தில் வரும், அப்போதுதான் காயில் எரியும். கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இதயத் தசையிலும் ஏறக்குறைய அதே கதை. ரத்தம் இல்லாத நேரத்தில் தசைக்குள் புளிப்பு சேர்ந்து கிடக்கிறது. ரத்தம் வந்ததும் அது சட்டென்று கழுவப்படுகிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. சுருங்கிய தசை விரிய முடியாமல் இறுகுகிறது. புதிதாக வந்த ஆக்சிஜனிலிருந்து நச்சுப் பொருள்களும் உண்டாகின்றன. நுண்ணிய குழாய்கள் வீங்கி அடைபடுகின்றன. பெரிய கால்வாயில் தண்ணீர் ஓடும், கடைமடை வயலுக்கு ஏறாது, பார்த்திருப்பீர்கள். அப்படித்தான்.

இதே நேரத்தில் இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். பல சமயம் தானே சரியாகிவிடும். சில சமயம் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய வேண்டிவரும். ஊசியால் ரத்தக் கசிவும் உண்டு. மூளையில் கசிவது நூற்றில் ஒருவர் அளவுக்கு. ஊர்ப் பேச்சில் உள்ள துளி உண்மை இவ்வளவுதான்.

அப்படியானால் ஊசி வேண்டாமா? இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். இத்தாலியில் 11,000-க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி போட்டார்கள். முடிவு 1986-ல் வந்தது. ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 13 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் 11 பேருக்குச் சற்றுக் குறைவு. வலி வந்த ஒரு மணிக்குள் ஊசி பெற்றவர்களிடையே சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கவனியுங்கள், ரத்தம் திரும்பியதால் கெட்டுப்போனவர்களும் இந்தக் கணக்குக்குள்ளேதான் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்தே இவ்வளவு லாபம்.

தாமதமானால் இரண்டு பக்கமும் நஷ்டம். அடைப்பு அதிக நேரம் இருந்தால் தசை அதிகம் சாகும். திரும்பும் ரத்தம் செய்யும் சேதமும் பொதுவாகக் கூடும். அதைத் தடுக்க மருந்து உண்டா என்றால், பலவற்றைச் சோதித்தும் உறுதியானது இன்னும் கிடைக்கவில்லை. பி.பி. பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கினால் இதயம் தாங்கும் என்று நம்பினார்கள். ஐரோப்பாவில் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்தார்கள். 2019-ல் பலனில்லை என்று தெரிந்தது. ஆக, நம் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான்.

நம் ஊருக்கு நேரம்தான் பெரிய சிக்கல். 2022-ல் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு வந்தோம். மாவட்டம் மாறியது, தூரம் மாறவில்லை. சென்னை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனை அதைவிடத் தூரம். பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போவோம் என்று புறப்பட்டால் வழியிலேயே தசை செத்துக்கொண்டிருக்கும்.

இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி செய்து பார்த்தார்கள். கோயம்புத்தூர் டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டர், சென்னை டாக்டர் அஜித் முல்லசாரி ஆகியோர் 2012 முதல் 2014 வரை சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். தூரத்தில் இருப்பவருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே இ.சி.ஜி. எடுத்து ஊசி போடுவது, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்பிக் குழாயைப் பார்ப்பது. 2,420 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். ஓராண்டில் இறப்பவர்கள் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். நம்மைப் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நெஞ்சில் பாரம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வேர்வை என்றால் வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம். 108-க்குச் சொல்லுங்கள். இ.சி.ஜி. எடுக்கும் இடம் பக்கத்தில் எதுவோ அங்கே போங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பக்கவாதம் வந்ததுண்டா, ரத்தக் கசிவு உண்டா, அண்மையில் ஆபரேஷன் நடந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்ட சிலருக்கு ஊசி ஆகாது.

சம்மதத் தாளை நீட்டினால் இப்போது நீங்களே படிக்கலாம். புரியாத வரியைக் கேளுங்கள். ஆனால் சொந்தக்காரர் வரட்டும் என்று காக்க வைக்காதீர்கள்.

வலி நின்றதும் "சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்" என்று கேட்பவர்களும் உண்டு. முதல் ஒன்றிரண்டு நாள் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின் கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். எக்கோ பரிசோதனையில் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். கொடுத்த மாத்திரையை, உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.