சிறு குழந்தைகளும் ஓடியாடும் விளையாட்டும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கடன், விதை, உரம் ஆகியவற்றையே ஆலோசிக்கும் இக்கூட்டத்தில் இன்று குழந்தைகளின் விளையாட்டைப் பற்றிப் பேச முன்வந்தேன். சங்கத்தின் நெற்களத்தை வருஷம் முழுவதும் பூட்டிவைப்பதா என்னும் தீர்மானம் உங்கள் முன் இருப்பதால், இது சங்கத்தின் காரியமேயாகும்.

மூன்று வயதுக் குழந்தை ஒற்றைக் காலில் ஓரிரு வினாடியே நிற்கும். நான்கு வயதளவில் நொண்டியடிக்கத் தொடங்கும். வயது ஏறுவதால் மட்டும் இத்திறமை வந்துவிடாது. தொடை, இடுப்பு, முதுகு ஆகியவற்றின் பெருந்தசைகள் பன்முறை பழகியே சமநிலை கைகூடுகிறது. பாண்டியில் குனிந்து சில்லை எடுக்கும் கணத்தைக் கவனியுங்கள். உடல் முழுவதையும் ஒரு காலே தாங்குகிறது. ‘கல்லா மண்ணா’ ஆடுகையில், ஓடிய கால் சட்டென்று நின்று திரும்பக் கற்கிறது. மிகச் சிறியவர்களுக்குக் கட்டங்களைக் குறுக்கி வரைந்து, இரு காலாலும் தாவ விடலாம். தோற்றவரை வெளியேற்றும் விதி இவ்வயதிற்கு வேண்டாம். அதிகம் பழகவேண்டிய பிள்ளையே முதலில் உட்கார நேரிடும்.

மூன்று, நான்கு வயதினர் நாளொன்றுக்கு 180 நிமிஷமேனும் உடலசைவில் இருக்கவேண்டும், அதில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும் ஆட்டமாயிருக்கவேண்டும், உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணிக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ஆம் வருஷம் அறிவித்தது. பெண் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். அவர்களைத் திண்ணையோடு நிறுத்துவது நியாயமன்று.

ஆகையால், அறுவடை நாட்கள் நீங்கலாக, களத்தை மாலை வேளையில் திறந்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முள்ளையும் கண்ணாடித் துண்டுகளையும் பொறுக்க ஓர் ஆளை நியமித்தால் போதும்.