சுமை ஏற்றுமுன்

எங்கள் மூலனூர்ப் பக்கத்தில் பள்ளிக்கூடம் காணாத முதியவர்களும் ஒரு கணக்கில் மிகத் தேர்ந்தவர்கள். தோட்டத்துக் கிணற்றுக்குப் பெரிய மோட்டார் வைக்க எண்ணினால், அவர்கள் முதலிற் செல்வது கடைக்கு அன்று, கிணற்றடிக்கே. நீரை இறைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஊறுகிறது என்று பார்ப்பார்கள். ஊற்று மூன்று குதிரைத்திறனுக்கே போதுமெனில், ஏழரைக் குதிரைத்திறன் மோட்டாரை எவரேனும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டா என்பார்கள். மழை குறைந்த மண் கற்பித்த பாடம் அது. அப்பாடம் உங்கள் மேசைமீதுள்ள கணினிக்கும் பொருந்தும் என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவன் எங்கள் ஊரில் சிறு அறையொன்றில் கணினி வைத்துத் தொழில் நடத்துகிறான். திருப்பூரில் தைக்கப்படும் பின்னலாடைகளை, துணி வெட்டுமுன்னரே முப்பரிமாணப் படமாகத் திரையில் உருவாக்கிக் கொடுப்பது அவன் தொழில். பழைய கணினியில் ஒரு படம் முடிய நெடுநேரம் ஆயிற்று. புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று என்னைக் கேட்டான். “தொழிலுக்குப் போடும் முதல் அது, தயங்காதே, தம்பி” என்று சொன்னவன் நானே. அவனும் கடன்பட்டு வாங்கினான்.

கார்டைப் பொருத்தியதும் கணினி நன்றாகவே இயங்கிற்று. கடிதம் எழுதலாம், திரைப்படம் பார்க்கலாம், குறையொன்றும் இல்லை. ஆனால், ஆடைப் படத்தை உருவாக்கத் தொடங்கிய சில நொடிகளில் கணினி பட்டென்று அணைந்துவிடும். மறுநாட் காலையில் படங்களை ஒப்படைக்க வேண்டும். இரவெல்லாம் போராடியும் ஒரு படமேனும் முடியவில்லை. அந்த வேலை வேறொருவர் கைக்குப் போயிற்று. கார்டுதான் பழுது என்றெண்ணி, அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான்.

“எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படித்தாயா?” என்றேன்.

“இல்லைங்க ஐயா, அதைப் பார்க்கோணும்னு தோணலைங்க” என்றான்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது கணினிக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட் அளவுகளில் நேர்மின்னோட்டமாகக் கொடுப்பது அதன் பணி. செயலியும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் வழியிலேயே மின்சாரம் பெறுகின்றன. ஆகவே, சீட்டில் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பலாகாது. 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று காண வேண்டும். அவ்வழி இரண்டாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால், இரண்டையும் நாமாகக் கூட்டிவிடாமல், மொத்த வரம்பாகக் குறித்துள்ள வாட் அளவையே கொள்ள வேண்டும்.

அவன் பெட்டியில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சிறிய எழுத்திலோ, 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். செயலிக்கு 65, மற்ற உறுப்புகளுக்கு ஏறத்தாழ 35, புதிய கார்டுக்கு 170. ஆகச் செலவு 270 வாட். வரவு 192, செலவு 270 என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்? கார்டு முழு வேலையில் இறங்கியதும் பெட்டியின் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை நிறுத்திவிட்டது. அத்தகைய பாதுகாப்பு இல்லாத மலிவுப் பெட்டியாயின் தானும் கருகி, பிற உறுப்புகளையும் கெடுத்திருக்கக்கூடும்.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்பதை அவனுக்குக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான். தேர்வில் அவன் அதைப் பிழையின்றி எழுதினான். ஆயினும், பணம் கொடுக்கும் வேளையில் அவனுக்கும் அது நினைவுக்கு வரவில்லை. வாங்கச் சொன்ன எனக்கும் வரவில்லை. அன்று நான் நாணினேன்.

நீங்கள் அவ்வாறு நாணாதிருக்கச் சில செய்திகள். மதர்போர்டின் துளைவழி கார்டுக்குக் கிடைப்பது மிகுதியாக 75 வாட். ஆறு முனை இணைப்பு மேலும் 75 வாட் தரும். எட்டு முனை இணைப்பு 150 வாட் தரும். முனை போதவில்லையென்று மாற்றுக் கம்பி வாங்கிச் செருகினால் முனைதான் கூடும்; ஆற்றல் கூடாது. கார்டு செய்வோர் பரிந்துரைக்கும் அளவையும் படியுங்கள். 170 வாட் கொள்ளும் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு 550 வாட் பெட்டி பரிந்துரைக்கப்படுகிறது. பிற உறுப்புகளின் தேவையும், நொடிப்பொழுதில் எழும் மிகைத் தேவையும் அதில் அடங்கும். யு.பி.எஸ். வைத்திருப்போர் அதையும் கணக்கிடுக, 600 வி.ஏ. என்று குறித்த பல யு.பி.எஸ்.கள் கொடுப்பது 360 வாட்டே. சீட்டைப் படிக்கக் கணினியைத் திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

இவ்வுண்மையை நம் வட்டாரத்தின் வரலாறும் காட்டும். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னர்க் கோவைப் பகுதியில் நூற்பாலைகள் பெருகின. ஊற்று முன்னே வந்தது. இறைப்பு பின்னே வந்தது. 2012இல் மாநிலத்தில் மின்தேவை உற்பத்தியை மிஞ்சி நின்றபோது, திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்கள் டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடின. ஒரு நாட்டுக்கு நேர்வதே ஒரு கணினிக்கும் நேர்கிறது.

அந்த இளைஞன் தக்க எஸ்.எம்.பி.எஸ். ஒன்று வாங்கினான். அதே கார்டு இன்று பழுதின்றி வேலை செய்கிறது. இழந்த வேலை மட்டும் திரும்பவில்லை. ஐந்து நிமிடக் கணக்கு அதைக் காத்திருக்கும்.

வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். புதிய பொருளின் பெருமையை விளம்பரம் நமக்குச் சொல்லும். அதைத் தாங்கும் பொருளின் வலிமையை நாமே படித்தறிய வேண்டும். மாணவச் செல்வங்களே, வாங்குமுன் சீட்டைப் படியுங்கள். படித்ததைப் பெருக்கிப் பாருங்கள்.