பெயர் எழுதாத போர்க்கணக்கு
(பட்டமளிப்பு விழா உரை, ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்)



பட்டமளிப்பு உரையில் வெற்றிக்கு வழி சொல்வது வழக்கம். நான் ஒரு போரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1941 டிசம்பர் முதல் 1945 ஆகஸ்ட் வரை பசிபிக் பெருங்கடலில் அமெரிக்காவும் ஜப்பானும் நடத்திய போர் அது. ஸ்ரீவராகத்துக் குளக்கரையில் நின்று யோசித்தால் உலகத்தின் மறுகோடியில் நடந்த சண்டை. ஆனால் இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய சாலைக் கடைத்தெருவில் அரிசி கிடைக்குமா கிடைக்காதா என்பதை அந்தப் போர்தான் தீர்மானித்தது.

1941 டிசம்பர் 7 அன்று அட்மிரல் நகுமோவின் ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள் ஹவாயின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 அன்று பர்மாவின் ரங்கூன். அடுத்த மாதமே நகுமோ ஐந்து விமானந்தாங்கிகளுடன் நம் கடலுக்கு வந்துவிட்டார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கியது. சென்னையில் ஜனங்கள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள்.

கொழும்புக்கு ஒரு நாள் முன்னதாக எச்சரிக்கை கிடைத்திருந்தது. லெனார்ட் பர்ச்சால் என்ற கனடிய விமானி இலங்கைக்குத் தெற்கே அந்தக் கடற்படையைக் கண்டுவிட்டார். அவருடைய விமானம் சுடப்பட்டது. விழுவதற்குள் செய்தி கரைக்குப் போய்ச் சேர்ந்தது. போர் முடியும்வரை அவர் ஜப்பானியர் சிறையில் இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஜூன் 4 அன்று பசிபிக் நடுவே மிட்வே தீவருகே தொடங்கிய சண்டையில் அமெரிக்கர்கள் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிகளை மூழ்கடித்தார்கள். ஜப்பானியச் சங்கேதச் செய்திகளை உடைத்துப் படித்திருந்ததால் அவர்களுக்குத் தாக்குதல் முன்கூட்டியே தெரிந்திருந்தது. மூழ்கிய நான்கில் அகாகி, சோர்யு, ஹிர்யு என்ற மூன்றும் ஏப்ரலில் இலங்கைக் கடலில் நின்றவை. அதன்பிறகு அத்தனை பெரிய ஜப்பானியக் கடற்படை இந்தியப் பெருங்கடல் பக்கம் வரவில்லை. கொச்சியும் தூத்துக்குடியும் தப்பித்ததற்கு மிட்வேயும் ஒரு காரணம்.

ஆனால் குண்டு விழாத ஊரிலும் போர் புகுந்தது. அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்கியது. பர்மா அரிசி அதில் பெரும்பங்கு. நாஞ்சில் நாட்டு வயல்கள் எவ்வளவு விளைந்தாலும் சமஸ்தானம் முழுவதற்கும் போதாது. ரங்கூன் போனதும் கப்பல் நின்றது, பங்கீடு வந்தது. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் ஊக்குவிக்கப்பட்ட மரச்சீனிக் கிழங்கு ஏழைகளின் முழுச் சாப்பாடாயிற்று. நிலமும் சோறும் தேடிக் குடும்பம் குடும்பமாக மலபார்க் காடுகளுக்குப் போனவர்கள் ஏராளம். அந்தப் பஞ்சத்தையும், சத்துக்குறைவால் வந்த நோய்களையும், மலபாருக்குப் போனவர்களின் பாட்டையும் கே. ஜி. சிவஸ்வாமி என்ற சமூகத் தொண்டர் விசாரித்து எழுதி அச்சிட்டார். இன்று நமக்கு அந்தப் பட்டினியைப் பற்றித் தெரிவதில் ஒரு பகுதி அவர் எழுதி வைத்ததால் தெரிவது.

எழுத்தால் நினைவில் நிற்கும் இன்னொருவர், இங்கிருந்து வடக்கே வக்கம் கிராமத்தில் 1917இல் பிறந்த அப்துல் காதர். பிழைப்புக்கு மலேயா போய், பினாங்கில் பிரிட்டிஷாருக்கு எதிரான இந்திய விடுதலைப் போருக்கான பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபாரின் தானூர்க் கரையில் இறங்கினார். பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 26. கடைசியாகத் தந்தைக்கு எழுதிய கடிதத்தால் இன்றும் அவர் நினைக்கப்படுகிறார்.

இனி, யாரும் எழுதாமல் போனவர்களைப் பற்றிச் சொல்கிறேன். பர்மாவிலிருந்த படைக்குப் பொருள் அனுப்பும் கடல்வழி ஜப்பானுக்குப் பாதுகாப்பாக இல்லை. நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. ஆகவே சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குக் காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. சுமார் 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கைதிகள் நோயிலும் பசியிலும் கிடந்தபடியே, செத்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் எழுதி, காவலர் கண்ணில் படாமல் மறைத்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைக் கொண்டு காட்டுக்குள் போய்க் கல்லறைகளைத் தேடி எடுத்தார்கள். இன்று காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றன.

அதே பாதையில் ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப்போல் மூன்று மடங்கு இருந்திருப்பார்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர். மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரம். கூலி உண்டு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் முதலில் கூட்டிப்போனார்கள்; பிறகு பிடித்தே கொண்டுபோனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. இறந்தவர் 70,000 என்கிறது ஒரு கணக்கு, 90,000 என்கிறது இன்னொன்று, லட்சத்தைத் தொடும் என்போரும் உண்டு. அகாகி எந்தக் கடலில் எந்த நாளில் மூழ்கியது என்று திருத்தமாகச் சொல்ல முடிகிறது. தோட்டத்துக் காலை வருகையெடுப்பான பெரட்டில் நாள்தோறும் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட மனிதர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் பல்லாயிரம் கூடக்குறைய இருக்கிறது. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். பதிவேடுகள் இடம் கொடுக்கவில்லை.

மாணவர்களே, இதுதான் நான் சொல்ல வந்தது. போரில் யார் ஜெயித்தார்கள் என்பதை எழுத ஆள் எப்போதும் இருக்கும். யார் செத்தார்கள், யார் பட்டினி கிடந்தார்கள் என்று எழுதத்தான் படித்தவர்கள் வேண்டும். உங்களில் சிலர் கட்டுமான இடங்களில் பொறியாளராக நிற்பீர்கள். அங்கே வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் கம்பி கட்டுவார்கள். வருகைப் பதிவேட்டில் ‘கூலி ஆட்கள்’ என்று எண்ணிக்கை மட்டும் போடாதீர்கள். பெயரும் ஊரும் எழுதுங்கள். மருத்துவமனைக்குப் போகிறவர்கள், நோயாளி என்ன வேலை செய்தார் என்று கேட்டுக் குறியுங்கள். அரசு அலுவலகத்துக்குப் போகிறவர்கள், மேலே போகும் அறிக்கையில் சங்கடமான எண்ணைக் குறைக்காதீர்கள். வீட்டில் பங்கீட்டு அரிசியும் மரச்சீனியும் தின்று வளர்ந்த பெரியவர் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று வாங்கும் பட்டத்தில் உங்கள் பெயர் பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மரியாதையை நீங்கள் சந்திக்கும் ஒவ்வொருவருக்கும் செய்யுங்கள்.