லைட் எரியுமா? 44-ஆம் ஸ்குவாட்ரனின் மாலத்தீவு ராத்திரி

ஏர்ஃபோர்ஸ்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது ஃபைட்டர் ஜெட்தான். சினிமாவும் அவங்களைத்தான் காட்டுது. இன்னைக்கு நாம பேசப்போறது சரக்கு விமானம் ஓட்டுறவங்களைப் பத்தி. இந்திய விமானப்படையின் 44-ஆம் ஸ்குவாட்ரன்.

1961-ல் சோவியத் தயாரிப்பான ஏஎன்-12 விமானங்கள் இவங்க கைக்கு வந்தது. அடுத்த வருஷமே சீனப் போர். லடாக்கில் இருக்கிற சுஷூலுக்கு ஏஎம்எக்ஸ்-13 டாங்குகளை இந்த விமானங்கள்ல ஏத்திட்டுப் போனாங்க. ஒரு டாங்கு சுமார் 15 டன். சுஷூல் இருக்கிறது 14,000 அடி உயரத்துக்கு மேல. அங்க காத்து லேசு. எஞ்சினோட பலமும் குறையும், இறக்கைக்குப் பிடிமானமும் குறையும்.

1971 கதை இன்னும் விசித்திரம். பின்பக்கக் கதவைத் திறந்து குண்டுகளை உருட்டிவிட்டு, சரக்கு விமானத்தையே பாம்பர் ஆக்கிட்டாங்க! லாகூர் பக்கம் சாங்கா மாங்கா காட்டுல இருந்த வெடிமருந்துக் கிடங்குகள்தான் இலக்கு. அதுக்காக விங் கமாண்டர் வசிஷ்டுக்கு மகாவீர் சக்ரா கிடைச்சது.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது 1988 நவம்பர் 3. அதுக்குள்ள ஸ்குவாட்ரன் ஐஎல்-76 ஜெட்டுக்கு மாறியாச்சு.

அன்னைக்கு விடியக்காலையில மாலே நகரத்துல துப்பாக்கிச் சத்தம். அப்துல்லா லுத்துஃபிங்கிற மாலத்தீவு வியாபாரி ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம் போட்டார். அவர் கூட்டிட்டு வந்த சுமார் 80 கூலிப்படையினர் யார் தெரியுமா? இலங்கைத் தமிழ் இயக்கமான புளொட்டைச் சேர்ந்தவங்க. ஒரு விடுதலை இயக்கம்னு ஆரம்பிச்சது, வேற நாட்டு வியாபாரிக்காக ஆயுதம் தூக்கிச்சு. இதைப் பத்தி நாம அதிகம் பேசுறதில்ல. பேசணும்னு நினைக்கிறேன்.

அதிபர் கயூம் ஒளிஞ்சுக்கிட்டே இந்தியாவிடம் உதவி கேட்டார். ஆக்ராவில் பாராசூட் படை தயாராச்சு. ஆனா கையில சரியான வரைபடம்கூட இல்ல. காட்டப்பட்ட விமான தளம் ஹுல்ஹுலே இல்ல, நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே இருக்கிற கான் தீவுன்னு இந்தியத் தூதர் ஏ.கே. பானர்ஜிதான் கண்டுபிடிச்சுச் சொன்னார். அவரையும் விமானத்துல கூடவே ஏத்திக்கிட்டாங்க.

சாயங்காலம் இரண்டு ஐஎல்-76 கிளம்புச்சு. 2,500 கிலோமீட்டருக்கு மேல, எங்கயும் நிக்காம. முதல் விமானத்தை ஓட்டினவர் ஸ்குவாட்ரனின் தலைவர் குரூப் கேப்டன் பெவூர்.

இப்போ அவர் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. கீழே விமான நிலையம் யார் கையில இருக்குன்னு உறுதியா தெரியாது. ஓடுபாதையைச் சுத்தி நாலு பக்கமும் கடல். பாராசூட்ல குதிக்கச் சொன்னா பாதிப் பேர் தண்ணியில விழலாம். தரையிறங்கினா, ஓடுற வேகத்துல அந்தப் பெரிய விமானத்தை ஒளிச்சு வைக்க முடியாது. ஒரு மெஷின் கன் போதும். உள்ளே நூத்துக்கும் மேல வீரர்கள்.

இருட்டுலயே நெருங்கிப் போய், லைட் போடச் சொல்லிக் கேட்டாங்க. கொஞ்ச நேரம் எரிஞ்சுது. அந்த வெளிச்சம் போதும்னு இறக்கிட்டார். இரவு பத்து மணிகூட ஆகல. பின்னாடியே இரண்டாவது விமானமும் வந்துடுச்சு.

கூலிப்படை செஞ்ச பெரிய தப்பு அந்த விமான நிலையத்தைப் பிடிச்சு வைக்காததுதான். ஏன் விட்டாங்கங்கிறது எனக்கு இன்னும் ஆச்சரியம். ஹுல்ஹுலே தனித் தீவு, மாலே தனித் தீவு. வீரர்கள் கிடைச்ச படகுகள்ல ஏறிக் கடந்து போனாங்க. விடியறதுக்குள்ள கயூம் பாதுகாப்பா அவங்க கையில இருந்தார்.

லுத்துஃபியும் மிச்சமிருந்த ஆட்களும் பிணைக்கைதிகளோட 'ப்ராக்ரஸ் லைட்'ங்கிற கப்பல்ல தப்பிச்சாங்க. ஐஎன்எஸ் கோதாவரியும் ஐஎன்எஸ் பெத்வாவும் துரத்திப் பிடிச்சது. அது நேவியோட கதை; அடுத்த எபிசோட்ல பேசலாம்.