தலைவிதியா, தாமதமா?

(ஓசூர்க் கூட்டத்தில் பேசியது)



நம் பக்கத்துப் பட்டறையில் வேலை செய்த தோழர் ஒருவர், சளியில் ரத்தம் கண்டபிறகும் ஐந்து மாதம் மந்திரித்த கயிற்றோடு திரிந்தார். கடைசியில் டாக்டரிடம் போனபோது, அறுக்கும் காலம் தாண்டிவிட்டது என்றார்கள். அவர் செத்ததும் எல்லோரும் "தலைவிதி" என்று சொல்லி வீடுபோய்ச் சேர்ந்தார்கள். அது வாஸ்தவந்தானா? யோசித்துப் பாருங்கள்.

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, வலப்புறம் மூன்று மடல்களுக்கும் இடப்புறம் இரண்டு மடல்களுக்கும் கிளைவிடுகிறது. புற்று ஒரு மடலோடு நின்றால் அம்மடலை எடுத்துவிடலாம். கிளைக்குழாயையே பிடித்துக்கொண்டால்? 1933ல் அமெரிக்காவில் கிரகாம் என்ற டாக்டர் ஒருபக்க நுரையீரலையே முழுதும் எடுத்தார். அந்நோயாளி பிறகு சுமார் 30 வருஷம் வாழ்ந்தார். ஆனால் ஒற்றை நுரையீரலோடு வாழ எல்லோருக்கும் பலமுண்டா?

நம் ரோஜாத் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் ஓரிடத்தில் கெட்டால், அந்தத் துண்டை அறுத்தெறிந்து இருமுனைகளையும் சேர்க்கிறோமேயன்றித் தோட்டத்தையா அழிக்கிறோம்? 1947ல் இங்கிலாந்தில் பிரைஸ் தாமஸ் என்ற டாக்டர், கட்டி கண்ட குழாய்ப்பகுதியை மட்டும் வெட்டி, முனைகளைத் தைத்து, நுரையீரலைக் காப்பாற்றினார். 1952ல் அலிசன் என்பவர் புற்றுநோய்க்கும் அப்படியே செய்தார். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் இது நடக்கிறது. தைத்தது எந்தத் தேவதை? ஊசியும் நூலும் மனிதன் கையில்தானே!

ஒன்றை மறைக்காமல் சொல்லுகிறேன். புற்று எலும்புக்கும் மூளைக்கும் பரவிவிட்டால் நுரையீரலை அறுத்துப் பெரும்பாலும் பயனில்லை. மருந்தும் கதிர்வீச்சுமே மிச்சம். ஆகவே கத்திக்கு வழிவிடுவதும் அடைப்பதும் காலமே. அக்காலத்தைக் கயிற்றுக்குக் கொடுத்தது யார்? விதியா, நாமா?

இரண்டு வாரத்துக்குமேல் இருமினாலோ, ரத்தம் கண்டாலோ உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சயரோகம் இல்லையென்று சொன்னபின்னும் இருமல் நிற்கவில்லையானால், அதோடு விடாமல் மார்பை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். பெங்களூரில் 1973ல் ஏற்பட்ட கித்வாய் ஆஸ்பத்திரி நமக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1954ல் தோன்றிய அடையாறு ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

கடைசியாகப் பீடி, சிகரெட்டு. அதே கிரகாம் 1950ல் சிகரெட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக்காட்டினார். நெடுங்காலம் புகைத்துப் பின்னர் விட்ட அவரே 1957ல் இந்நோயால் மாண்டார். டாக்டரையே விடாதது உங்களை விடுமா? கருங்கல் அறுக்கும் தோழர்களே, அத்தூசும் நுரையீரலுக்குப் பகையே. தண்ணீர் விட்டு அறுக்கும்படி முதலாளியைக் கேளுங்கள்.

நான் சொன்னேன் என்பதற்காக ஒப்பாதீர்கள்; விசாரித்து, சரியென்று பட்டால் செய்யுங்கள். ஆனால் விசாரிப்பதற்கும் ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளாதீர்கள்!