கூட்டம் காட்டும் வித்தை

(அம்பத்தூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடியிலும் ஷிப்டு முடித்து வரும் நமக்குச் சினிமாவை விட்டால் வேறு பொழுதுபோக்கு அதிகமில்லை. ராக்கியிலும், ஆவடி மீனாட்சியிலும், பூந்தமல்லிக்கு அப்பால் ஈ.வி.பி.யிலும் நாம் நீட்டுவது வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு. அதை வாங்க என்னென்ன உபாயங்கள் செய்கிறார்கள் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முன்பெல்லாம் பிலிம் பிரதி எடுப்பது செலவு பிடித்த காரியம். ஆகவே ஒரு படத்துக்குக் குறைந்த பிரதிகளே எடுத்தார்கள். அவை பட்டணத்துப் பெரிய கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த பிறகே புறநகர் டூரிங் கொட்டகைகளுக்கு வரும். திரையில் மழை பெய்யும், நாமும் பார்ப்போம். இன்று டிஜிட்டல் வந்துவிட்டது. பிலிம் பெட்டி தேவையில்லை. எல்லா ஊரிலும் ஒரே நாளில் படம் காட்டலாம். அப்படியிருந்தும் சில படங்களை முதலில் விரல்விட்டு எண்ணக்கூடிய காட்சிகளில் மட்டும் காட்டுகிறார்களே, ஏன்?

காரணம் எளிது. நூறு கொட்டகைகளில் பாதி இருக்கை காலியாக இருந்தால் படம் விழுந்தது என்பார்கள். அதே ஜனங்களைப் பத்துக் கொட்டகைகளில் அடைத்தால் “ஹவுஸ்புல்” பலகை தொங்கும். பலகையின் படம் கைபேசிக்குக் கைபேசி பறக்கும். டிக்கெட் கிடைக்காதவன் ஆவல் இரட்டிப்பாகும். அதன் பிறகு கொட்டகைகளைப் பெருக்குவார்கள்.

1994-ல் “ஹம் ஆப்கே ஹைன் கோன்” இந்திப் படத்தை இப்படித்தான் வெளியிட்டார்கள். பம்பாய் லிபர்ட்டி போன்ற சில கொட்டகைகளில், கட்டணத்தை உயர்த்தித் தொடங்கினார்கள். வீடியோ காசெட்டையும் வெளியே விடவில்லை. பேச்சுப் பரவிய பிறகே படமும் பரவியது. அமெரிக்காவில் 2009-ல் “பாராநார்மல் ஆக்டிவிட்டி” என்ற பேய்ப்படம் முதலில் 13 கல்லூரி நகரங்களில் மட்டும் காட்டப்பட்டது. “உங்கள் ஊருக்கும் வேண்டுமா? இணையத்தில் கேளுங்கள்” என்றார்கள். பத்து லட்சம் பேர் கேட்டதும் நாடெங்கும் திறந்தார்கள். விளம்பர வேலையை ரசிகனே சம்பளமில்லாமல் செய்து முடித்தான்!

ஆனால் குறைந்த காட்சிகள் எல்லாமே சூழ்ச்சி என்று சொல்லக்கூடாது. 1999 டிசம்பரில் பாலாவின் முதல் படமான “சேது” வாங்க ஆளில்லாமல் கிடந்து, சென்னைப் புறநகர்க் கொட்டகை ஒன்றில் ஒரே பகற்காட்சியாக வெளிவந்தது. பார்த்தவர்கள் வாய்மொழியாகவே அதை ஊரறியச் செய்தார்கள். படம் சென்னையில் நூறு நாள் தாண்டியது. அங்கே கொட்டகை கிடைக்காத குறை. இங்கே குறையே முதலீடு. இந்த வேற்றுமையை நாம் கவனிக்க வேண்டும்.

இந்த ஆரவாரத்துக்குப் பலியாவது யார்? 2023 ஜனவரி 11-ந் தேதி “துணிவு” நள்ளிரவு 1 மணிக் காட்சியின்போது, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கோயம்பேடு ரோகிணி கொட்டகை அருகே, லாரி மேலேறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து மாண்டார். அதன் பிறகே தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2024 டிசம்பர் 4-ந் தேதி ஐதராபாத் சந்தியா கொட்டகையில் “புஷ்பா 2” முன்னோட்டக் காட்சி நடந்தது. அரசு அனுமதித்த கூடுதல் கட்டணம் மட்டும் 800 ரூபாய். அந்த நெரிசலில் ஒரு தாய் உயிரிழந்தார். அவருடைய மகன் படுகாயமுற்றான். மறுநாள் எல்லாக் கொட்டகைகளிலும் ஓடவிருந்த படம் அது. ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன குடிமுழுகியிருக்கும்?

ஆகவே தோழர்களே, நாம் சினிமாவை வெறுக்க வேண்டாம். கணக்கோடு பார்ப்போம். பெரிய நடிகரின் படம் எங்கும் ஓடிவிடாது. அடுத்த வாரமும் இருக்கும். அதிக விலைக்கு முதல் காட்சி டிக்கெட் வாங்கத் தேவையில்லை. சிறிய படத்தின் கதை வேறு. அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் பகற்காட்சி. அந்நேரம் நாம் ஆலையில் இருப்போம். கூட்டமில்லை என்று திங்கட்கிழமை எடுத்துவிடுவார்கள். நல்லது என்று கேள்விப்பட்டால் அந்தச் சனி ஞாயிறிலேயே குடும்பத்தோடு போவோம். சிறிய படங்களுக்கும் மாலைக் காட்சி ஒன்று கொடுங்கள் என்று கொட்டகைக்காரர்களை நாலு பேர் சேர்ந்து கேட்போம்.

எந்தப் படம் நல்ல படம் என்று ஹவுஸ்புல் பலகை தீர்மானிக்க வேண்டாம். பார்த்த நாம் தீர்மானிப்போம்!