திரும்பி வந்தவர்

வானொலி மறையுரை: பொதுக்காலம் 28ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
வாசகங்கள்: 2 அரசர்கள் 5:14-17, 2 திமொத்தேயு 2:8-13, லூக்கா 17:11-19



ஞாயிறு திருப்பலி தொடங்குவதற்குச் சற்று முன், நம் பங்குகளில் உபதேசியார் ஒலிபெருக்கியின் முன் நின்று அன்றைய திருப்பலிக் கருத்துகளை வாசிப்பார். தேர்வில் வெற்றி கிடைக்க, நல்ல வரன் அமைய, வெளிநாட்டு வேலை கைகூட, கடன் தீர, நோய் நீங்க என்று மன்றாட்டுகள் வரிசையாக வரும். அவற்றுக்கு நடுவே எங்கோ ஓரிடத்தில், 'பெற்ற நன்மைகளுக்கு நன்றியாக' என்ற ஒரு வரியும் வரும். கேட்பதில் தவறில்லை, கேட்கச் சொன்னவரே நம் ஆண்டவர்தான். ஆனாலும் கேட்டவர்கள் எல்லாரும் திரும்பி வருகிறோமா? இந்தக் கேள்வியைத்தான் இன்றைய நற்செய்தி நம் முன் வைக்கிறது.

இயேசு எருசலேமை நோக்கிப் போகிறார். சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதி அது. பத்துத் தொழுநோயாளர்கள் தூரத்தில் நின்று குரல் எழுப்புகிறார்கள். அவர் அருகில் போய்த் தொடவில்லை. 'குணமாகுங்கள்' என்றும் சொல்லவில்லை. குருக்களிடம் போய் உங்களைக் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார். அவர்கள் புறப்பட்டபோது நோய் உடலில் அப்படியே இருந்தது. போகிற வழியில்தான் நீங்கியது.

இதைக் கவனியுங்கள், அன்பர்களே. பத்துப் பேருமே நம்பியவர்கள். கையில் புண் இருக்கும்போதே 'சரி' என்று நடக்கத் தொடங்கியவர்கள். அந்த ஒன்பது பேரை நாம் பல ஆண்டுகளாக மறையுரைகளில் திட்டித் தீர்த்திருக்கிறோம். உண்மையில் அவர்கள் ஆண்டவர் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். லேவியர் நூல் 14ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். தொழுநோய் நீங்கியவருக்குச் சடங்குகள் எவ்வளவு! இரண்டு பறவைகள், கேதுருக் கட்டை, ஈசோப்பு வேண்டும். முடி மழித்து, துணி துவைத்து, குளிக்க வேண்டும். ஏழு நாள் தம் கூடாரத்துக்கு வெளியே தங்க வேண்டும். எட்டாம் நாள் பலி ஒப்புக்கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் வீடு, மனைவி, பிள்ளைகள், பிழைப்பு. எத்தனை வருடப் பிரிவோ! கால்கள் வீட்டை நோக்கித்தானே ஓடும்?

அவர்கள் கெட்டவர்கள் அல்லர், வேலை மிகுந்தவர்கள். நம்மைப் போன்றவர்கள். நாமும் நன்றியை மறுப்பதில்லை, தள்ளிப்போடுகிறோம். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கும்வரை ஒவ்வொரு புதன்கிழமையும் நவநாளுக்கு வருகிறோம். இடம் கிடைத்ததும் கட்டணம், விடுதி, பேருந்து என்று ஓட்டம் தொடங்கிவிடுகிறது, புதன்கிழமை மறந்துபோகிறது.

ஒருவர் மட்டும் பாதி வழியில் நின்றார். தம் தோலைப் பார்த்தார், திரும்பினார். அவர் ஒரு சமாரியர். ஒன்பது பேருக்குக் கிடைத்தது நலமான உடல். இவருக்கு அந்த உடலோடு, அதைத் தந்தவரின் முகமும் கிடைத்தது. நாளைக்கு வேறொரு துன்பம் வந்தால் அந்த ஒன்பது பேர் மறுபடியும் தூரத்தில் நின்று கத்த வேண்டியிருக்கும். இவருக்கோ யாருடைய காலடியில் போய் விழ வேண்டும் என்று தெரியும். நன்றி கடவுளுக்குத் தேவை என்பதற்காக அல்ல, நம்முடைய நம்பிக்கை வேரூன்ற வேண்டும் என்பதற்காகவே ஆண்டவர் அதை எதிர்பார்க்கிறார். நேற்று தாங்கிய கை எது என்று நினைவில் வைத்திருப்பவர்தான் நாளையைப் பற்றி நடுங்காமல் இருப்பார்.

முதல் வாசகத்தில் வரும் நாமானும் ஒரு பிற இனத்தவர்; சிரியா நாட்டுப் படைத்தலைவர். யோர்தானில் மூழ்கி நலமடைந்தபின் எலிசாவுக்குக் காணிக்கை தர முயல்கிறார். எவ்வளவோ வற்புறுத்தியும் எலிசா வாங்கவில்லை. ஏன்? வாங்கியிருந்தால் கணக்கு முடிந்திருக்கும்! 'நீர் குணம் தந்தீர், நான் கூலி தந்தேன்' என்று நாமான் நிம்மதியாக ஊர் போயிருப்பார். நம்மிடையேயும் இப்படி ஒரு பழக்கம் உண்டு. வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டு, மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து, 'நேர்ச்சையை முடிச்சாச்சு' என்கிறோம். நேர்ச்சை நல்லது, நம் முன்னோர் நமக்குத் தந்த பக்தி அது. ஆனால் நேர்ச்சை முடியலாம், நன்றி முடியக் கூடாது. நாமான் கடைசியில் என்ன செய்தார்? இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்குமளவு அந்த மண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இனி அந்த ஆண்டவருக்கு மட்டுமே பலி செலுத்துவேன் என்றார். கொடுத்துக் கணக்கை முடிக்க நினைத்தவர், நினைவைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினார்.

இதுவரை கேட்டவர்களில் சிலர் மனத்துக்குள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். 'குணமானவர்கள் நன்றி சொல்லட்டும். குணமாகாதவர்கள் என்ன செய்வது?' என்று. அதைக் கேட்காமல் இந்த மறையுரையை முடித்தால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில், ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு குடும்பங்களில் நோய். இருவரும் ஒரே மருத்துவமனையில் இருந்தார்கள். ஒருவர் வயதான தந்தை, இன்னொருவர் இருபது வயதைத் தாண்டாத மகன். இரு வீட்டாருமே சகாய அன்னைக்கு நவநாள் செபித்தார்கள். மரியாயின் சேனையினரும் நாங்களும் இரண்டு வீடுகளுக்கும் போய்ச் செபமாலை சொன்னோம். தந்தை பிழைத்து வீடு வந்தார். மகன் இறந்துபோனான். அடுத்த ஞாயிறு உபதேசியார் கருத்துகளை வாசித்தார். 'உடல் நலம் பெற்றதற்கு நன்றியாக' என்றொரு வரி. அதற்கு அடுத்த வரி, 'ஏழாம் நாள் நினைவாக'. மூன்றாவது வரிசையில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தார்.

திருப்பலி முடிந்ததும் அவர் வந்து கேட்டார்: "அவங்க செபம் கேட்டுச்சு. எங்க செபம் மட்டும் ஏன் சாமி கேக்கல?"

நாங்கள் என்ன சொன்னோம்? இறைத்திட்டம் என்றோம், எல்லாம் நன்மைக்கே என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். குருமடத்தில் இறையியல் படித்த எங்களுக்கு அன்று அவரோடு சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியவில்லை. அவருடைய துயரத்தைக் கேட்பதற்குப் பதிலாக, அவருடைய கேள்வியை மூடப் பார்த்தோம். அது எங்கள் தவறு. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பல மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். கையில் ஒரு வெறும் தூக்குவாளி. 'அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன் சாமி' என்றார். முறுக்கு சுட்டு எடுத்துப் போயிருக்கிறார். யாருக்கு? மகன் இருந்த வார்டில் இரவு வேலை பார்த்த ஒரு துப்புரவுப் பணிப்பெண்ணுக்கு. "கடைசி ராத்திரி என்னை உள்ள விடல. அந்தப் பொண்ணுதான் அவன் உதட்டை நனைச்சு, கையைப் பிடிச்சிட்டு இருந்திருக்கா. அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேனேன்னு மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அவன் செத்ததுக்கு என்னால நன்றி சொல்ல முடியாது சாமி. ஆனா அவன் தனியாப் போகல. அதுக்குச் சொல்லணும்ல?"

அன்று நாங்கள் மறையுரை கேட்டவர்கள் ஆனோம். சொன்னவர் அவர்.

தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுலடியார் நன்றி கூறும்படி கேட்கிறாரே, அந்த இடத்தை (5:18) நிதானமாகப் படியுங்கள். நேர்ந்த எல்லாவற்றுக்காகவும் என்று அங்கே அவர் எழுதவில்லை. எந்த நிலையில் இருந்தாலும் என்றே எழுதுகிறார். வேறுபாடு பெரிது. பிள்ளையைப் புதைத்த தாயிடம், அந்தச் சாவுக்கு நன்றி சொல் என்று கடவுள் கேட்பதில்லை. அப்படிக் கேட்பவர் நம் விண்ணகத் தந்தை அல்லர். அந்த இருட்டுக்குள்ளும் நம்மை விட்டுவிடாமல் ஒரு கை இருந்தது. அதைக் கண்டுகொள் என்றுதான் கேட்கிறார். இன்றைய இரண்டாம் வாசகத்தை எழுதும்போது பவுலடியார் விலங்கிடப்பட்டுச் சிறையில் இருக்கிறார். அந்த நிலையிலும், நாம் நம்பத்தகாதவர்களாய்ப் போனாலும் கிறிஸ்து மாறமாட்டார் என்று எழுத அவரால் முடிந்தது. விலங்கைப் பார்த்து வந்த உறுதி அல்ல அது. தம்மை வழியில் தடுத்தாட்கொண்டவரை மறவாததால் வந்த உறுதி.

இன்னும் ஒன்று. அந்தச் சமாரியர் இயேசுவுக்கு நன்றி செலுத்தினார் என்று சொல்ல லூக்கா கிரேக்கத்தில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ, அதே வினைச்சொல்லைத்தான் இறுதி இராவுணவிலும் பயன்படுத்துகிறார். அங்கே அப்பத்தை எடுத்து நன்றி செலுத்துகிறவர் இயேசு. 'நற்கருணை' என்று நாம் சொல்லும் அருளடையாளத்தின் கிரேக்கப் பெயரும் அதே சொல்லிலிருந்து பிறந்ததுதான். 'நன்றி செலுத்துதல்' என்பதே அதன் பொருள். அது எந்த இரவு? காட்டிக்கொடுக்கிறவனின் கை அதே மேசையின்மீது இருந்த இரவு. மறுநாள் சிலுவை என்று அவருக்குத் தெரியும். யூதாசின் துரோகத்துக்காக அவர் நன்றி சொல்லவில்லை. அது இனிப்பாக இருந்ததாகவும் பாசாங்கு செய்யவில்லை. ஒலிவ மலையில் வியர்வை இரத்தத் துளிகள்போல் விழ மன்றாடினார். ஆனாலும் அப்பத்தைக் கையில் எடுத்தபோது தந்தையின் முகத்தை மறக்கவில்லை. ஆகவே திருப்பலியில் நன்றிக் கருத்தோடு வருபவருக்கும், நினைவுக் கருத்தோடு வருபவருக்கும் ஒரே பீடத்தில் இடம் உண்டு. இருவரையும் அவர் தம் நன்றியில் சேர்த்துத் தந்தையிடம் கொண்டுபோகிறார்.

சரி, நாம் என்ன செய்யலாம்? பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். மூன்று சிறு பழக்கங்கள்.

முதலாவது, இரவில் தூங்கப்போகுமுன் ஐந்து நிமிடம். புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் நாள்தோறும் செய்யும் ஆன்ம ஆய்வுக்கு ஐந்து படிகள் சொல்கிறார். நாம் நினைப்பதுபோல் முதல் படி பாவத்தைத் தேடுவதல்ல, பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவது. பாவம் அதற்குப் பிறகுதான். நன்மையைப் பார்த்த கண்ணால் பார்க்கும்போதுதான் நம் பாவமும் சரியாகத் தெரியும்.

இரண்டாவது, நம் வீட்டுச் சுவரில் தினத்தாள் காலண்டர் இருக்கும். காலையில் கிழிக்கும் தாளைக் கசக்கி எறியாதீர்கள். முந்தைய நாளின் ஒரே ஒரு நன்மையை அதன் பின்புறத்தில் எழுதுங்கள். 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று பொதுவாக எழுத வேண்டாம். 'பேருந்தில் ஒரு தம்பி எழுந்து இடம் கொடுத்தான்', 'மாமியாருக்குக் காய்ச்சல் இறங்கியது', 'இரண்டு மாதத்துக்குப் பின் மகன் போனில் பேசினான்' என்று குறிப்பாக எழுதுங்கள். பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். டிசம்பர் 31 இரவு, ஆண்டு நன்றி வழிபாட்டுக்குக் கோவிலுக்குப் புறப்படுமுன் குடும்பமாக உட்கார்ந்து அவற்றை வாசியுங்கள். நாமான் சுமந்துபோன மண்போல, அந்த டப்பா உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஒன்றுமே எழுதத் தோன்றாத நாள்களும் வரும். அன்று எழுத வேண்டாம். பழைய தாள்களில் இரண்டை எடுத்துப் படியுங்கள். அதுவே அன்றைய செபம்.

மூன்றாவது, மனிதர்களுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். கடவுள் பெரும்பாலும் மனிதர்களின் கை வழியாகவே நமக்குத் தருகிறார். விடியுமுன் கோவிலைப் பெருக்கும் அம்மா, பால் ஊற்றுபவர், சாக்கடை அள்ளுபவர், நாள்தோறும் நமக்குச் சோறு பொங்கிப் போடும் மனைவி, நாம் சலித்துக்கொள்ளும் வயதான பெற்றோர். இந்த வாரம் இவர்களில் ஒருவரிடமாவது திரும்பிப் போவோம்.

அந்தத் தாய் இன்றும் திருப்பலிக்கு வருகிறார். மகன் நினைவு நாளில் இன்றும் அழுகிறார். அவருடைய கேள்விக்கு எங்களிடம் இன்றும் பதில் இல்லை. ஆனால் சனிக்கிழமைகளில் அந்த மருத்துவமனை வார்டுக்குப் போய், துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வருகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம், பாதி வழியில் திரும்பிய அந்தச் சமாரியர் எங்கள் நினைவுக்கு வருகிறார்.

மன்றாடுவோம். இரக்கமுள்ள தந்தையே, கேட்கும்போது உம்மைத் தேடி, கிடைத்ததும் எங்கள் வழியே போய்விடும் எங்களை மன்னித்தருளும். பெற்றவற்றை மறவாத நெஞ்சையும், பெறாதபோதும் உம்மை விட்டு விலகாத நம்பிக்கையையும் எங்களுக்குத் தாரும். இன்று கண்ணீரோடு இந்தச் செபத்தைக் கேட்கிறவர்களைத் தனியே விட்டுவிடாதேயும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.